லீவுக்கு மலையை விட்டு இறங்கவில்லை

ஸ்கூல் லீவில் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போனீங்க என்று கோயிலில் பல பேர் கேட்டாங்க. அதற்காக இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படிங்க.

லீவு விட்டால் கீழே இருந்து கார்கள் வரிசையாக மேலே ஏறி வருகின்றன. நம்ம பிள்ளைகளோ "தானா ராத்தாவில ஒண்ணுமே இல்ல, கே.எல். போவோம்" என்கிறார்கள். தொண்டர்கள் நாங்கள் கூடிப் பேசி, இந்த முறை இங்கேயே சுற்றுவது என்று முடிவெடுத்தோம்.

முதல் நாள் பிரிஞ்சாங் பக்கம் இருக்கும் 'டைம் டனல்' காட்சியகம். பழைய கோப்பிக்கடை, முடிவெட்டும் கடை, விளையாட்டுச் சாமான்கள் எல்லாம் உண்டு. பெரியவங்களையும் வேனில் ஏற்றிக்கொண்டது நல்லதாப் போச்சு. பிள்ளைகள் ஓடிக் கடக்கும் இடத்தில் அவர்கள் நின்று கதை சொல்வார்கள்.

அங்கே பேச்சு ஜிம் தாம்சன் பக்கம் திரும்பியது. தாய்லாந்துப் பட்டு வியாபாரத்தில் பேர் வாங்கிய அமெரிக்கர். 1967 மார்ச் 26 அன்று நம்ம தானா ராத்தா 'மூன்லைட்' பங்களாவில் இருந்து வெளியே நடந்து போனவர், திரும்பவே இல்லை. போலீஸ், ஓராங் அஸ்லி வழிகாட்டிகள் என்று நாள்கணக்கில் காட்டைச் சலித்தும் ஒரு தடயமும் கிடைக்கவில்லை. பிள்ளைகளுக்குப் பேய்க்கதை கேட்ட மாதிரி ஒரே குஷி. கோயிலில் பூ கட்டும் பாட்டி மட்டும் சிரித்தார். "முப்பது வருஷம் அந்த மலையில கொழுந்து எடுத்தேன். நான் காணாமப் போயிருந்தா பெரட்டுல ஒரு கோடு போட்டிருப்பாங்க, அவ்வளவுதான்."

ஒரு பையன் கேட்டான்: "பாட்டி, உங்க பேரு என்ன?" மற்ற பிள்ளைகளுக்கும் அது தெரியவில்லை. எல்லாருக்கும் அவர் 'பூப்பாட்டி'தான்.

மறுநாள் கோயில் வாசலில் 'வள்ளி திருமணம்'. தமிழ்நாட்டில் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய இந்த நாடகத்தைத் திருவிழாக்களில் விடிய விடிய ஆடுவார்கள். நம்ம குளிருக்கு அது ஆகாது. நாங்களே சுருக்கி ஒரு மணி நேரத்துக்கு எழுதி, நாலு மணிக்கே ஆரம்பித்தோம். தினைப்புனத்துக்குத் தோட்டக்காரர் ஒருவர் வெங்காயத்தாள் தொட்டிகளைக் கடனாகக் கொடுத்தார். சாம்பல் கம்பளிக்குள் இரண்டு பையன்கள்தான் விநாயகர் யானை. சரியாக யானை வரும் நேரத்தில் பனிமூட்டம் இறங்கி, மேடையே மறைந்துவிட்டது. பிளிறல் மட்டும் கேட்டது! கூட்டம் கைதட்டி ஓயவில்லை. செட்டுக்குச் செலவு செய்திருந்தால்கூட இப்படி அமைந்திருக்காது.

கடைசியாகப் படம் பிடிப்பது. கேமரா வேண்டாம், அப்பா அம்மாவின் போன் போதும். காட்டுக்குள் போகக்கூடாது, கூட்டைத் தொடக்கூடாது, அவரவர் வீட்டுக் கொல்லை மட்டும். இதுதான் கட்டுப்பாடு.

ஒரு வாரத்தில் வந்த படங்களைப் பார்த்து நாங்களே அசந்துட்டோம். சௌசௌ பந்தலில் கருப்புத் தலை, மஞ்சள் கழுத்து, கன்னத்தில் வெள்ளிப்பொட்டு வைத்த குருவி. 'சில்வர் இயர்ட் மெசியா' என்று பிள்ளைகளே தேடிக் கண்டுபிடித்தார்கள். குளியலறை விளக்கடியில் ஒரு சாண் அகல அட்லஸ் அந்துப்பூச்சி. லயத்துக் கூரையில் காயும் மிளகாய்.

ஒரு சிறுமி பறவை எதையும் எடுக்கவில்லை. பூப்பாட்டி வீட்டுக் கொல்லைக்குப் போயிருக்கிறாள். பழைய கொழுந்துக் கூடையில் கோழி அடை காக்கிறது, பக்கத்தில் பாட்டி. படத்துக்குக் கீழே முழுப்பெயர், அப்பா பெயர், கொழுந்தெடுத்த மலை, எத்தனை வருஷம் என்று கேட்டு எழுதியிருந்தாள். தேயிலை டின்னிலும் காலண்டரிலும் கூடை சுமந்த எத்தனையோ பெண்களைப் பார்த்திருக்கிறோம். பெயர் போட்டு நாங்கள் பார்த்தது இதுதான். 1885-இல் அளக்க வந்த கேமரன் பெயரோ மலை முழுக்க இருக்கிறது. (பாட்டி பெயரை இங்கே போடவில்லை. கோயில் பலகைக்கு மட்டும்தான் சம்மதம் சொன்னாங்க.)

அதைப் பார்த்து மற்ற பிள்ளைகளும் வீட்டுப் பெட்டியில் கிடந்த பழைய பெரட்டுப் போட்டோக்களைக் கொண்டுவர ஆரம்பித்துவிட்டார்கள். எல்லாம் மண்டபத்தில் மாட்டியிருக்கிறோம். வெள்ளிக்கிழமை பூஜைக்கு வரும்போது கண்ணாடி மறக்காமல் கொண்டு வாங்க. தெரிந்த முகம் இருந்தால் பெயர் சொல்லுங்க. பென்சில் கயிற்றில் தொங்குது.