இரண்டு கண்மலர்



வழக்கமாக இந்தப் பக்கத்தில் மலைப் பள்ளிக்கூடக் கதைகள், போடியின் பழைய படங்கள், பிறந்தநாள் வாழ்த்துகள் என்றுதான் எழுதுவேன். இன்று எங்கள் வீட்டு விஷயம். பதிவு கொஞ்சம் நீளம். மணி அடித்த பிறகும் பாடத்தை விடாத வாத்தியார்தானே என்று பொறுத்துக்கொண்டு கடைசிவரை படியுங்கள்.

போன வாரம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் என் பேத்தியைப் பரிசோதித்த டாக்டரம்மா, "இனிமே வருஷத்துக்கு ஒரு தடவை வந்தாப் போதும்" என்றார். ஆறு வருடமாகக் காத்திருந்து கேட்ட வார்த்தை. வெளியே வந்ததும் என் மனைவி முந்தானையில் முடிந்து வைத்திருந்த திருநீற்றை எடுத்துப் பேத்தியின் நெற்றியில் பூசினாள். பிறகு என்னைப் பார்த்து, "இப்பவாவது எழுதுங்க. நாலு பிள்ளைகளுக்கு உதவும்" என்றாள். மகளும் மருமகனும் சரி என்றார்கள். பேத்தியிடமும் கேட்டேன். "எழுதுங்க தாத்தா. ஆனா என் பேரும் ஃபோட்டோவும் போடாதீங்க" என்றாள். எட்டு வயது ஆகிறது. அவள் சொன்னபடியே செய்கிறேன்.

2019 பிப்ரவரியில் குலதெய்வம் கோவிலில் அவளுக்குக் காது குத்தினோம். அப்போது ஒன்றே முக்கால் வயது. தாய்மாமன் மடியில் உட்கார்ந்து அழுது முடித்து, கையில் பலூனைக் கொடுத்ததும் சிரித்தாள். செல்போனில் ஃபிளாஷ் போட்டு எடுத்த அந்தப் படத்தை அன்று இரவே இந்தப் பக்கத்தில் போட்டேன். உங்களில் பலர் வாழ்த்துச் சொன்னீர்கள்.

மறுநாள் காலையில் ஒரு பழைய மாணவி போன் செய்தாள். தேனியில் நர்சாக இருக்கிறாள். "சார், பாப்பா படத்தைப் பெருசு பண்ணிப் பாருங்க. வலது கண்ணு மணி செவப்பாத் தெரியுது. இடது கண்ணு மட்டும் வெள்ளையா மின்னுது. எதுக்கும் ஒரு தடவை கண் டாக்டர்கிட்டக் காட்டிருங்க சார்" என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது ஃபிளாஷ் வெளிச்சம் பட்டுத் திரும்புறதும்மா. ஒளி எதிரொளித்தல் பாடம் நடத்தினேனே, மறந்துட்டியா?" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். "சரிங்க சார்" என்று வைத்துவிட்டாள். மூன்றாம் வகுப்பில் ஏழாம் வாய்ப்பாடு வராமல் என்னிடம் நின்ற பெண் அவள். அந்த நினைப்பு என் மனதின் ஓரத்தில் இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அவ்வளவு சுலபமாகத் தட்டிவிட்டிருக்க மாட்டேன்.

மருமகன் பூப்பாறைப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் கணக்குப் பார்க்கிறார். மகளும் குழந்தையும் அந்தக் கோடையில் எங்களோடு போடியில் இருந்தார்கள். என் மனைவி கல்யாணத்துக்கு முன்பு குடோனில் ஏலக்காய் பொறுக்கப் போனவள். நிறம் வெளுத்தது, வாய் பிளந்தது, பூச்சி விழுந்தது எல்லாவற்றையும் கண்ணாலேயே பிரித்துவிடுவாள். ஒருநாள் முறத்தில் கொஞ்சம் காயைக் கொட்டிப் பேத்திக்கு விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை வலது பக்கம் இருந்த காயை மட்டும் எடுத்தது. இடது பக்கம் இருந்ததை எடுக்கவேயில்லை.

அவள் ஒன்றும் பேசாமல் குழந்தையை மடியில் வைத்துக் கண்ணாமூச்சி விளையாடினாள். இடது கண்ணைப் பொத்தினாள். குழந்தை சிரித்தது. வலது கண்ணைப் பொத்தினாள். குழந்தை வீறிட்டு அழுது கையைத் தள்ளியது. நாலைந்து தடவை மாற்றி மாற்றிச் செய்து பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, "என்னங்க, பிள்ளைக்கு இடது கண்ணு தெரியல" என்றாள்.

முப்பது வருடத்துக்கு மேல் அறிவியல் பாடமும் நடத்தியவன் நான். சோதனை செய்து பார்த்தவள் எட்டாம் வகுப்போடு நின்றவள். அன்று இரவு அந்தப் பழைய படத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். பூனைக் கண் மாதிரி இடது கண் வெளுத்து மின்னியது. மூன்று மாதமாக என் செல்போனிலேயே கிடந்த படம் அது.

அப்போது வீரபாண்டி கௌமாரியம்மன் கோவில் சித்திரைத் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். கண் பார்வை இழந்த பாண்டிய மன்னன் முல்லையாற்றங்கரையில் அம்மனையும் கண்ணீஸ்வரமுடையாரையும் வணங்கிப் பார்வை பெற்றான் என்பது அந்தத் தலத்தின் கதை. எங்கள் பக்கத்தில் கண்ணில் நோவு என்றால் வீரபாண்டிக்குத்தான் வேண்டுவோம். என் மனைவியும் மஞ்சள் துணியில் காசு முடிந்தாள். போடியில் வெள்ளிக் கண்மலர் ஒரு ஜோடி வாங்கினாள். அடுத்த வருடம் தீச்சட்டி எடுப்பதாக வேண்டிக்கொண்டாள். எல்லாம் அரை நாளில் முடித்துவிட்டு, "நாளைக்குக் காலையில தேனி போறோம்" என்றாள்.

தேனி அரவிந்தில் பார்த்தவர்கள் அன்றைக்கே மதுரைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். மதுரையில் குழந்தைக்கு மயக்கம் கொடுத்துப் பரிசோதித்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு எங்களை உட்கார வைத்துச் சொன்னார்கள். ரெட்டினோபிளாஸ்டோமா. விழித்திரையில் வரும் புற்றுநோய். பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கே வருவது. கட்டி சிறிதாக இருந்தால் மருந்து, லேசர், உறைய வைக்கும் சிகிச்சை என்று கண்ணைக் காப்பாற்ற வழி உண்டு. பேத்திக்குக் கட்டி கண்ணை நிறைத்துவிட்டது. அந்தக் கண்ணில் பார்வை இல்லை, இனி வரவும் வராது. பார்வை நரம்பு வழியாக மூளைக்குப் போவதற்குள் கண்ணை எடுத்துவிட வேண்டும். எடுத்தால் குழந்தை பிழைத்துக்கொள்ள நல்ல வாய்ப்பு இருக்கிறது.

"மூணு மாசம் முன்னாடி வந்திருந்தா கண்ணு தப்பியிருக்குமா?" என்று கேட்டேன். "அதை இப்ப யோசிக்காதீங்க சார். அடுத்து செய்ய வேண்டியதைப் பாப்போம்" என்றார் டாக்டர். அந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் கிடையாது. இனியும் கிடைக்காது. அதோடுதான் இருக்கிறேன்.

மகள் கேட்டது வேறு கேள்வி. மாசமாக இருந்தபோது கிரகண நேரத்தில் வெளியே வந்தாளா, சாப்பிடக் கூடாததைச் சாப்பிட்டாளா என்று உறவில் சிலர் அதற்குள் பேசத் தொடங்கியிருந்தார்கள். டாக்டர் பொறுமையாக விளக்கினார். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் ஆர்பி1 என்று ஒரு மரபணு இரண்டு பிரதிகளாக இருக்கிறது. செல் கண்டபடி பெருகாமல் பிடித்து வைப்பது அதன் வேலை. விழித்திரையின் ஒரு செல்லில் இரண்டு பிரதியுமே கெட்டுப்போனால் கட்டி வளர்கிறது. அம்மா சாப்பிட்டதாலோ, பார்த்ததாலோ, செய்ததாலோ வருவதல்ல. சில குடும்பங்களில் ஒரு பிரதி பிறக்கும்போதே பழுதாக இருக்கும். ஒரு கண்ணில் மட்டும் வருகிற குழந்தைகளிலும் சுமார் 15 சதவீதம் பேருக்கு அப்படி இருக்கலாம். அதனால் அப்பா அம்மா கண்ணையும் பார்த்தார்கள், ரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். எங்கள் குழந்தைக்கு அது பரம்பரையாக வந்ததில்லை என்று பிறகு தெரிந்தது. அன்று மகள் விட்ட மூச்சு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அன்று இரவு மதுரையில் ஒரு லாட்ஜ் அறையில் குடும்பமே உட்கார்ந்திருந்தோம். போன்மேல் போன். ஒருவர், 48 நாள் விரதம் இருந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றார். இன்னொருவர், பச்சிலைச் சாறு விடுகிறவர் ஒருவர் இருக்கிறார் என்றார். பெண் பிள்ளை, கண்ணை எடுத்துவிட்டால் நாளைக்கு யார் கட்டுவார்கள் என்றும் ஒரு குரல். நானும் தடுமாறினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், "அம்மனுக்கு வேண்டியிருக்கோமே, திருவிழா முடியட்டுமே" என்று என் வாயிலிருந்தே வந்தது. ஊருக்கெல்லாம் பகுத்தறிவு பேசியவன், கத்தி வைக்கும் நேரம் வந்ததும் சாமியைச் சாக்காக்கினேன்.

என் மனைவிதான் நிறுத்தினாள். "அம்மா கண்ணைத்தான் கேக்குறான்னா குடுத்துருவோம். உசுரை நாம கேட்டு வாங்கிக்குவோம். டாக்டர் கையிலயும் அவதான இருக்கா? நாளைக்கே கையெழுத்துப் போடுங்க" என்றாள். மருமகன் எழுந்து போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்து, "அத்தை சொல்றதுதான் சரி" என்றார். அதற்குப் பிறகு யார் போனையும் எடுக்கவில்லை.

பக்தி உள்ளவர்கள் வைத்தியத்தைத் தள்ளிப்போடுவார்கள், படித்தவர்கள் உடனே ஓடுவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் அது தலைகீழாக நடந்தது.

ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கும்போது வெளியே உட்கார்ந்து, "அரவிந்துன்னு ஏன் பேரு வச்சாங்க?" என்று கேட்டாள் மனைவி. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். டாக்டர் வெங்கடசாமி 58 வயதில் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்று, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு இதை ஆரம்பித்தார். இளவயதில் வந்த முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போனவை. அந்தக் கையால்தான் கண் அறுவை செய்யப் பழகினார். ஸ்ரீ அரவிந்தரைக் குருவாகக் கொண்டவர், அதனால் அந்தப் பெயர். கேட்டுவிட்டு, "அப்ப இதுவும் கோவில்தான்" என்றாள். நானும் 58இல் ஓய்வு பெற்றவன். அதன்பின் என்ன செய்தேன் என்று அந்த பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன்.

எடுத்த கண்ணைச் சோதித்த அறிக்கை சில நாளில் வந்தது. நரம்பில் பரவவில்லை. கீமோ தேவையில்லை. சுமார் ஆறு வாரம் கழித்துச் செயற்கைக் கண் பொருத்தினார்கள். கண்ணாடிக் கண் என்று சொல்கிறோம், உண்மையில் அது அக்ரிலிக்கில் செய்வது. வலது கண்ணின் நிறம் பார்த்து அதேபோல் வரைகிறார்கள். முகம் வளர வளர மாற்ற வேண்டும். மிச்சமிருக்கும் கண்ணுக்கு அடிபடாமல் இருக்கக் கெட்டியான மூக்குக்கண்ணாடி எப்போதும் போட வேண்டும்.

வீட்டில் பீரோவுக்குள் அந்த வெள்ளிக் கண்மலர் ஜோடி இருந்தது. ஒருநாள் நான் தயங்கித் தயங்கி, "இப்ப ரெண்டு போடணுமா?" என்று கேட்டேன். "ஏங்க, ஒண்ணைக் காப்பாத்திக் குடுத்திருக்கா. இன்னொண்ணு அவகிட்டயே இருக்கு. ரெண்டுக்கும்தான போடணும்?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

2020லும் 2021லும் கொரோனாவால் திருவிழா இல்லை. ஆனால் கண் பரிசோதனையை நிறுத்த முடியாது. இ-பாஸ் வாங்கி, மருமகன் கார் பிடித்துக் கூட்டிப்போனார். ஒவ்வொரு தடவையும் மயக்கம் கொடுத்து, வலது கண்ணில் எதுவும் இல்லை என்று சொல்லும்வரை எங்கள் யாருக்கும் தண்ணீர் இறங்காது. 2022 சித்திரையில் முல்லையாற்றில் குளித்துவிட்டு என் மனைவி தீச்சட்டி எடுத்தாள். பேத்தி வேப்பிலையோடு கூடவே நடந்தாள். இரண்டு கண்மலரையும் அவள் கையாலேயே உண்டியலில் போடச் சொன்னோம். நானும் கையெடுத்துக் கும்பிட்டேன். எதை வேண்டினேன் என்று கேட்காதீர்கள். மன்னிப்புத்தான் கேட்டேன்.

இப்போது மதுரைக்குப் போடியிலிருந்தே ரயிலில் போகிறோம். பேத்திக்கு ஜன்னலோரம் வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஒரு பையன், "உன் ஒரு கண்ணு ஏன் அசையல?" என்று கேட்டிருக்கிறான். "அது அம்மன்கிட்ட இருக்கு. இது டாக்டர் குடுத்தது" என்றாளாம். இனி மூன்றாம் வகுப்பு. ஏழாம் வாய்ப்பாடு இவளுக்கும் வரவில்லை. நான் அவசரப்படுத்துவதில்லை.

பிள்ளைகளே, நான் கேட்பது இதுதான். உங்கள் வீட்டுச் சிறு குழந்தைகளின் படங்களை இன்றே பாருங்கள். ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் மட்டும் வெள்ளையாக மின்னினாலோ, புதிதாக மாறுகண் தெரிந்தாலோ, தள்ளிப்போடாமல் கண் டாக்டரிடம் காட்டுங்கள். பல நேரம் ஒன்றும் இருக்காது. இருந்தால் ஒரு நாளும் வீணாகக் கூடாது. எந்தச் சாமிக்கு வேண்டுமானாலும் வேண்டிக்கொள்ளுங்கள். வேண்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

கடைசியாக, அன்று போன் செய்த மாணவிக்கு. நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். ஆபரேஷனுக்கு மறுநாள் வார்டுக்கு வந்து நின்றாய். "நான் அப்பவே சொன்னேனே சார்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று நீ சொன்னதுதான் சரி தாயி, நான் சொன்னது தப்பு. ஆறு வருடம் கழித்து எல்லார் முன்னாலும் திருத்திப் போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்