கொடுத்த வாக்கு

"அப்பாவுக்கு உடம்பு சரியில்லைடா, ஒரு மாசம் கிளாசுக்கே வர முடியலை" என்றான் வகுப்பு நண்பன் ஒருவன். அரியர் பேப்பருக்கு ராத்திரியில் சொல்லித் தருவதாக எங்கள் விடுதி அறையில் நான்கு பேரும் வாக்குக் கொடுத்தோம். அப்புறம்தான் தெரிந்தது, அப்பா நன்றாகத்தான் இருக்கிறார்; இவன் போனது சினிமாவுக்கு! "பொய் சொன்னவனுக்கு என்னடா வாக்கு?" என்று மற்ற மூவரும் கொதித்தார்கள்.

எனக்கு எபிரேய வேதத்தில் யோசுவா புத்தகம், 9-ஆம் அதிகாரம் ஞாபகம் வந்தது. பக்கத்திலேயே குடியிருந்த கிபியோன் மக்கள் இஸ்ரவேலருக்குப் பயந்து, கிழிந்த உடையும் பூசணம் பூத்த அப்பமுமாக வந்து, தூர தேசத்தவர் என்று சொல்லி சமாதான உடன்படிக்கை வாங்கிவிட்டார்கள். 3 நாளில் குட்டு வெளிப்பட்டது. சபையார் முறுமுறுத்தார்கள். தலைவர்களோ கடவுள் பெயரால் இட்ட ஆணையை மீற மறுத்தார்கள். ஏமாற்றியதற்குத் தண்டனை உண்டு: விறகு வெட்டவும் தண்ணீர் சுமக்கவும் வைத்தார்கள். ஆனால் உயிருக்குக் கொடுத்த வாக்கு நின்றது. பிறகு 5 ராஜாக்கள் கிபியோனைத் தாக்கியபோது, யோசுவா கில்காலிலிருந்து இரவெல்லாம் நடந்துபோய்க் காப்பாற்றினார்.

பின்னாளில் சவுல் ராஜா அந்த வாக்கை மீறி அவர்களைக் கொன்றான். பஞ்சம் வந்ததோ அடுத்த ராஜாவான தாவீதின் காலத்தில். 3 வருஷம், நாடு முழுவதற்கும்! தலைவர்கள் நாலு பேர் கொடுத்த வாக்கு, பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கும் கடன்.

அன்று ராத்திரி 'ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' புத்தகத்தோடு அவன் அறைக்குப் போனேன். மூவரும் முறுமுறுத்துக்கொண்டே பின்னால் வந்தார்கள். அந்த வாரம் பூராவும் எங்கள் அறைக்குத் தண்ணீர் எடுத்தது அவன்தான்!