அட்டவணையில் விடுபட்ட நிரல்

2022 தொடக்கத்தில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு சின்ன மென்பொருள் செய்யத் தொடங்கினோம். ஊர்ச் சனசமூக நிலைய வாசிகசாலையில புத்தகம் இரவல் குடுக்கிற, திருப்பி எடுக்கிற கணக்கைப் பார்க்கிற ஒன்று. பெரிய வேலை இல்லை. ஆனால் முதல் கிழமை ஒரு வரி கோட்கூட எழுதேல்ல. என்னென்ன கருவிகளைப் பாவிக்கிறது எண்டு தீர்மானிக்கிறதிலேயே அந்தக் கிழமை போயிற்று.

ஒரு அட்டவணை போட்டோம். கோட்டை வைக்க ஒன்று, வேலைகளைப் பங்கிட ஒன்று, கதைக்க ஒன்று. ஒவ்வொன்றுக்கும் வசதி, தோற்றம், விலை, பெரிய கொம்பனிகள் பாவிக்கினமா என்று நிரல்கள். பத்துக்கு இத்தனை எண்டு புள்ளி போட்டு, கூட்டிப் பார்த்து, கூடின புள்ளி எடுத்ததுகளைத் தெரிவு செய்தோம். ஒவ்வொரு நாளும் இரவு எட்டு மணிக்கு வீடியோவில் சந்திப்பு. எங்களுக்கே எங்களைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

பிறகு மின்வெட்டு வந்தது. மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. வலயத்துக்கு வலயம் நேரம் வேற. எட்டு மணிக்கு ஐந்து வீட்டிலும் வெளிச்சம் இருந்த நாட்கள் குறைவு. மார்ச்சுக்கு முதல் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர், மே மாதத்துக்குள் 350ஐத் தாண்டியது. வேலைகளைப் பங்கிட நாங்கள் எடுத்த சேவையின் இலவசக் காலமும் அப்பதான் முடிஞ்சது. டொலரில் கட்ட எங்களிட்ட காசும் இல்லை, கார்டும் இல்லை. உள்ளே இருந்த பட்டியலை எப்படி வெளியே எடுக்கிறது எண்டு முதலே பார்த்து வைக்கவும் இல்லை.

அந்த நாட்களில் எங்களைக் கைவிடாதது கிட் மட்டும்தான். காரணம் எளிது. கிட்டில் ஒவ்வொருவரின் லப்டொப்பிலும் கோட்டின் முழு வரலாறும் இருக்கும். இணையம் இல்லாமலே எழுதலாம், கமிட் பண்ணலாம், புதுக் கிளை பிரிக்கலாம், போன மாதம் யார் என்ன மாத்தினது எண்டு பார்க்கலாம். சிக்னல் கிடைக்கேக்க அனுப்பிவிட்டால் சரி. பற்றரி இருக்கும்வரை வேலை நடந்தது.

கிட் பிறந்த கதையும் எங்களுக்குப் பொருந்தியது. லினக்ஸ் கேர்னல்காரர் 2002 முதல் பிட்கீப்பர் என்ற தனியார் மென்பொருளை இலவச அனுமதியில் பாவிச்சவை. 2005இல் அந்த அனுமதி நிறுத்தப்பட, லினஸ் டோர்வால்ட்ஸ் தானே கிட்டை எழுதத் தொடங்கினார். மற்றவர் தந்த இலவசத்தில் இருந்தால், ஒருநாள் எழும்பச் சொல்லுவினம். அவையளுக்கே அது நடந்தது.

ஆனால் கிட் எல்லாத்தையும் காப்பாற்றேல்ல. தாமதமாகத் திரும்பும் புத்தகத்துக்குத் தண்டப்பணம் எப்படிக் கணக்கிடுறது எண்டு மணிக்கணக்காக விவாதிச்சு முடிவெடுத்திருந்தோம். அது இருந்தது அரட்டைச் செயலியில். இலவசக் கணக்கில் பழைய செய்திகள் மறைஞ்சு போக, முடிவு கோட்டில் நின்றது, காரணம் போயிற்று. இப்ப முடிவுகளைக் கோட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் திகதியோட எழுதி வைக்கிறோம்.

இதெல்லாம் திருத்தக்கூடிய பிழைகள். திருத்த முடியாதது ஒன்று இருக்கு.

எங்களில் ஒருத்தி மெல்ல மெல்லச் சந்திப்புக்கு வராமல் விட்டா. ஆர்வம் குறைஞ்சிட்டுது எண்டு நாங்களாகவே முடிவு கட்டினோம். இரண்டு மாதம் கழிச்சுக் கேட்டபோதுதான் சொன்னா: "வீட்டில லப்டொப் ஒன்றுதான். இரவில அண்ணாவுக்கு வேணும். போனில உங்கட வீடியோவுக்கு வந்தால் கிழமைக்குப் போட்ட டேட்டா ரெண்டு நாளில முடிஞ்சிடும். என்னட்ட என்ன இருக்கு எண்டு நீங்கள் ஒருத்தரும் கேக்கேல்லயே."

உண்மைதான். அட்டவணையில் எத்தனையோ நிரல் போட்டோம். "எங்களில் ஆகக் குறைந்த வசதி உள்ளவரால் இதைப் பாவிக்க ஏலுமா?" என்ற நிரல் மட்டும் இல்லை. அவவுக்குத் தேவைப்பட்டது ஒரு வட்ஸ்அப் குழுவும், எழுத்தில் ஒரு சுருக்கமும்தான். லினக்ஸ் கேர்னலின் திருத்தங்களே இன்றைக்கும் மின்னஞ்சலில்தான் போய்வருகின்றன. எங்களுக்கு மட்டும் வீடியோ எதுக்கு?

இப்ப ஒரு கருவியை எடுக்க முதல் புள்ளி போடுறதில்லை. ஒரு சின்ன வேலையை இரண்டு கிழமை அதில் செய்து பார்க்கிறோம். ஆகப் பழைய போனிலும், கரண்ட் இல்லாத நேரத்திலும். விட்டுப் போகும்போது எங்கட தரவை எடுத்துக்கொண்டு போகலாமா எண்டும் முதல் நாளே பார்க்கிறோம்.

அவ திரும்பி வரேல்ல. வேற வேலை கிடைச்சிட்டுது. வாசிகசாலை மென்பொருளின் வரலாற்றைத் திறந்தால், ஆசிரியர் பெயரில் புத்தகம் தேடுற பகுதி அவவின்ர பெயரில்தான் இருக்கு. கடைசித் திகதி ஏப்ரல் மாதம்.

நீங்களும் நண்பர்களோட ஏதும் தொடங்குறதெண்டால், அட்டவணை போட முதல் ஒவ்வொருவரிட்டையும் என்ன இருக்கு எண்டு கேளுங்கோ. நாங்கள் கேட்கேல்ல.