அப்பத்தாவுக்கு ஒரு ஈ-ரீடர்



என் அப்பத்தா பள்ளிக்கூடம் போனதில்லை. 1991-இல் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ராத்திரி வகுப்பில் எழுத்துக் கற்றுக்கொண்டவர். அப்போதுதான் சைக்கிள் ஓட்டவும் பழகினாராம். அதன்பிறகு கடலைப் பொட்டலம் கட்டிய பேப்பரைக்கூடப் படிக்காமல் விட மாட்டார். ஆனால் இரண்டு வருடமாகப் படிப்பதையே நிறுத்திவிட்டார். கண்புரை ஆபரேஷன் செய்தும் சின்ன எழுத்து தெரியவில்லை. "எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு ஆத்தா" என்பார்.

போன தீபாவளிக்குத் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் சித்தப்பா, போனஸ் பணத்தில் 4,000 ரூபாய் அனுப்பினார். "அப்பத்தாவுக்கு ஏதாச்சும் வாங்கிக் குடும்மா" என்றார். அம்மா சேலை என்றார். நான் ஈ-ரீடர் என்றேன். உண்மையைச் சொன்னால், எனக்கும் அதன்மேல் ஆசை.

"செல்போன்லயே படிக்கலாமே?" என்று அப்பா கேட்டார். படிக்கவைத்துப் பார்த்தோம். பத்து நிமிடத்தில் அப்பத்தாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. செல்போன் திரை வெளிச்சத்தை நேரே கண்ணுக்குள் அனுப்புகிறது என்று எங்கள் அறிவியல் டீச்சர் சொன்னார். ஈ-ரீடர் திரை வேறு மாதிரி. அதற்குள் மிக நுண்ணிய குமிழ்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும் உண்டு. மின்சாரம் எதை மேலே இழுக்கிறதோ அந்த நிறம் தெரியும். அதுதான் எழுத்து. பக்கம் மாறும்போது மட்டும்தான் திரைக்கு மின்சாரம் வேண்டும். அதனால் ஒரு முறை சார்ஜ் போட்டால் பல நாள் வரும்.

வாங்குவதற்கு முன் நான் மூன்று விஷயம் பார்த்தேன். உங்களுக்கும் உதவும்.

1. விளக்கு: பழைய மலிவு மாடல்களில் விளக்கு கிடையாது. கிண்டிலில் குறைந்த விலை மாடலுக்கு 2019-இல்தான் விளக்கு வந்தது. அப்பத்தா வேலை முடிந்து ராத்திரிதான் படிப்பார். விளக்கு கட்டாயம்.

2. தமிழ் எழுத்து: டவுனில் ஒருவர் 2,000 ரூபாய்க்கு ஒரு பழைய கருவியைக் காட்டினார். அதில் 'கொ' என்ற எழுத்து கொம்பு தனி, க தனி, கால் தனியாக உடைந்து தெரிந்தது. "நல்லா ஓடுது பாப்பா" என்றார். ஓடி என்ன செய்ய? ஒரு தமிழ்ப் புத்தகத்தைத் திறந்து பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

3. புத்தகம்: ஸ்கேன் செய்த பி.டி.எஃப். ஆறு அங்குலத் திரையில் பொடிப்பொடியாகத் தெரியும். இபப் வகை என்றால் எழுத்தை வேண்டிய அளவு பெரிதாக்கலாம். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்திலும், 2013-இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்திலும் தமிழ் நூல்கள் இலவசம். ஆகவே கருவிக்கு மட்டும்தான் செலவு.

2022-இல் வந்த கிண்டில் அறிமுகமானபோது 9,999 ரூபாய். நமக்குக் கட்டாது. சித்தப்பாவுக்குத் தெரிந்தவர் 2019 மாடலை 4,500-க்குத் தருவதாகச் சொன்னார். நினைவகம் 4 ஜி.பி.தான். ஆனால் கதைப் புத்தகங்களுக்கு அது தாராளம். 500 ரூபாய் குறைந்தது. என் உண்டியலில் 860 இருந்தது. கொலுசுக்காகச் சேர்த்தது. இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் உடைத்துவிட்டேன்.

எழுத்தை மிகப் பெரிதாக வைத்து அப்பத்தா கையில் கொடுத்தேன். பக்கத்துக்குச் சில வரிகள்தான் வந்தன. "அறிவொளிப் பொஸ்தகம் மாதிரியே பெருசு பெருசா இருக்கு ஆத்தா" என்று சொல்லி, அன்று படித்தது போலவே வரிக்குக் கீழே விரல் வைத்தார். உடனே பக்கம் தாவிவிட்டது! விரல் பட்டால் திரும்பும் திரை அல்லவா? "எவடி பக்கத்த மாத்துனது?" என்று கோபம். இப்போது விளக்குமாற்று ஈர்க்குச்சியை வைத்துப் படிக்கிறார். குச்சி பட்டால் பக்கம் மாறாது.

எனக்குக் கொஞ்சம் தாங்க என்று கேட்டால், "இரு ஆத்தா, இந்தப் பக்கம் முடியட்டும்" என்கிறார். முடிவதே இல்லை. கொலுசு அடுத்த வருடம் வாங்கிக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டிலும் படிப்பதை நிறுத்திவிட்ட தாத்தா, பாட்டி இருப்பார்கள். ஏன் நிறுத்தினீர்கள் என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.


— ஒன்பதாம் வகுப்பு மாணவி