உட்கார ஓர் இடம்

பொட்டிப்புரம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நியூட்ரினோதான் நினைவுக்கு வரும். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த திட்டம் அது. அம்பரப்பர் மலையைக் குடைந்து, சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கத்தின் முடிவில் 132 மீட்டர் நீளத்துக்கு ஓர் ஆய்வறை கட்டுவதாக இருந்தது. ஊர் எதிர்த்தது. 2022-இல் தமிழக அரசும் உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைத் தெரிவித்தது.

இதையெல்லாம் கூடிப் பேச ஆண்களுக்குச் சாவடி இருந்தது, டீக்கடை பெஞ்சு இருந்தது. எங்களுக்குக் குழாயடியும் வரப்பும்தான். கையில் குடமோ களைக்கொத்தோ இல்லாமல் ஒரு பெண் வெளியில் நின்றால், ‘இங்கென்ன வேலை?’ என்பார்கள். மும்பைப் பெண்களைப் பற்றி ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே 2011-இல் எழுதிய புத்தகம் கேட்பதும் இதைத்தான்: காரணமே இல்லாமல் பொதுவெளியில் இருக்கப் பெண்ணுக்கு ஏன் உரிமை இல்லை?

எங்கள் வீடு சரிவில் இருப்பதால் அடியில் பூசி முடித்த ஓர் அறை உண்டு. உரமூட்டைகளையும் பழைய மோட்டார் குழாய்களையும் அப்புறப்படுத்தி, வெள்ளையடித்து, கோரைப்பாய் விரித்து, ஒரு ஃபேன் மாட்டினேன்.

“ரெண்டு தையல் மெஷின் போட்டா வருமானமாச்சும் வரும்ல?” என்றார் வீட்டுக்காரர்.

மறுத்துவிட்டேன். மெஷின் வந்தால் அதுவும் வேலைக்கான இடமாகிவிடும். மூன்று மணிக்கு மேல் நாலைந்து பேர் வருகிறார்கள். பேசுகிறோம், சிரிக்கிறோம். சிலர் கால் நீட்டித் தூங்குகிறார்கள். அவர்களை யாரும் எழுப்புவதில்லை.