பெருவிரலுக்கு ஆறு கிழமை

கோடையில் கிரிக்கெட், குளிர்காலத்தில் ஐஸ் ஹொக்கி. மல்வேர்னில் கைச் சிகிச்சையாளரான என்னிடம் வரும் பெருவிரல் காயங்கள் பெரும்பாலும் இவற்றால் வந்தவை. பந்துக்குப் பாய்ந்தோ, மட்டையை விடாமல் விழுந்தோ பெருவிரல் வெளிப்பக்கம் வளைகிறது. அது உள்ளங்கையை விட்டுப் பிரியும் மூட்டில், சுட்டுவிரலைப் பார்த்த பக்கத்துச் சவ்வு கிழிகிறது. பனிச்சறுக்குக் கோலோடு விழுபவர்களுக்கும் இதே காயம்தான். "சுளுக்குத்தான், எண்ணெய் போட்டு இழுத்துவிட்டால் சரி" என்பார்கள் வீட்டில். இழுக்கவே கூடாது, பாதி கிழிந்தது முழுதாகக் கிழியலாம்.

எக்ஸ்றேயில் எலும்பு பெயர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே டொக்டர் மூட்டை அசைத்துப் பார்ப்பார். மற்றக் கையைப் போல ஓரிடத்தில் உறுதியாகத் தடுத்தால் பாதிக் கிழிவு. தடுப்பின்றி விலகினால் முழுக் கிழிவு. அறுந்த நுனி அருகிலுள்ள தசையின் நார்த்தகட்டுக்கு மேலே வந்து சிக்கிக்கொள்ளலாம் என்று 1962இல் சுவீடன் மருத்துவர் பெர்ட்டில் ஸ்டெனர் எழுதினார். அப்படிச் சிக்கினால் எத்தனை மாதம் கட்டினாலும் ஒட்டாது, சத்திரசிகிச்சைதான். பாதிக் கிழிவோ கத்தியில்லாமல் ஆறும்.

அதற்கான ஸ்பிளிண்டைச் செய்வது எனக்கு மிகப் பிடித்த வேலை. 65 முதல் 70 பாகை வரை சூடான தண்ணீரில் இளகிய பிளாஸ்டிக் தகட்டை, இறுகுவதற்குள் கையில் படியவைக்க வேண்டும். மூட்டு இலேசாக மடங்கி, சுட்டுவிரல் பக்கம் சற்றுச் சாய்ந்திருந்தால் சவ்வு இழுபடாது. நகத்தை அடுத்த மூட்டைக் கட்டமாட்டேன். அதை நாளும் மடக்கி நீட்டாவிட்டால் நார்கள் ஒட்டிக்கொள்ளும். மற்ற நான்கு விரல்களும் மடங்குவதற்காக, உள்ளங்கை ரேகைக்குக் கீழேயே ஓரத்தை வெட்டிவிடுவேன். வீக்கம் வடிந்து ஸ்பிளிண்ட் தளர்ந்தால் மறுபடி சூடாக்கிப் பொருத்துவேன்.

கடினமான பகுதி பிறகுதான். சவ்வு ஆறுவதற்கு நான்கு முதல் ஆறு கிழமை வேண்டும். வலியோ பலருக்கு அதற்கு முன்பே போய்விடுகிறது. வலியில்லாத விரலைக் கட்டிவைத்திருக்க ஒரு பதின்வயதுப் பிள்ளையை இணங்கவைப்பதும் சிகிச்சைதான். பிறகு மெல்ல அசைவு, பின்னர் பிடிமானம். அழுத்திக் கிள்ளுவதும் மூடி திருகுவதும் பொதுவாக 12 கிழமை வரை பொறுக்க வேண்டும். அவசரப்பட்டால் மூட்டு தளர்ந்தே நின்றுவிடும். சாவி திருப்பவும் பலமிருக்காது, பிற்காலத்தில் மூட்டுத் தேய்வும் வரலாம்.

பெற்றோரே, பயிற்சியாளர்களே, விழுந்த பிள்ளை போத்தல் மூடியைத் திறக்க முகம் சுளித்தால் அந்தக் கிழமையே டொக்டரிடம் காட்டுங்கள். பிந்தி வரும் பெருவிரலுக்கு வழிகள் குறைவு.