இடுப்புக் கத்தி: பட்டறையா, கடையா?

கேள்வி–பதில் பகுதிக்கு வந்த கடிதம் ஒன்றை ஆசிரியர் எனக்கு அனுப்பியிருந்தார். ஈரோடு மாவட்டத்து விவசாயி எழுதியது. ஒரு ஏக்கர் வாழை, அரை ஏக்கர் எலுமிச்சை, மீதி இடத்தில் தக்காளியும் மிளகாயும். "இடுப்பில் செருகிக்கொள்ள மடங்காத சின்னக் கத்தி ஒன்று வேண்டும். பட்டறையில் அடித்த இரும்புக் கத்திதான் கத்தி என்கிறேன் நான். பையன் கடையில் விற்கும் எவர்சில்வர் கத்தியைக் காட்டி, இதுதான் துருப் பிடிக்காது என்கிறான். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. எதை வாங்குவது?"

நான்கு வரியில் பதில் எழுதிவிடலாம். ஆனால் இந்தக் கேள்விக்குள் அவர் கேட்காத ஒரு கேள்வியும் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். என் பையில் பல வருடமாக இரண்டு வகைக் கத்தியும் கிடக்கின்றன. இரண்டையும் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

முதலில் ஒன்று. மடக்குக் கத்தி வேண்டாம் என்று அப்பனும் மகனும் சேர்ந்தே முடிவு செய்திருக்கிறார்களே, அது சரியான முடிவு. மடக்குக் கத்தியின் மூட்டுக்குள் வாழைச் சாறும் மண்ணும் போய் இறுகிவிடும். எத்தனை கழுவினாலும் உள்ளே இருப்பது வெளியே வராது. பூட்டு இல்லாத மலிவான மடக்குக் கத்தி, அழுத்தி வெட்டும்போது விரல் மேலேயே மடங்கும். தோட்ட வேலைக்கு அலகு 4 அங்குலம், அகலம் 2 செ.மீ. இருந்தால் தாராளம். அதற்கு மேல் போனால் குனியும்போது இடுப்பைக் குத்தும். நாலு நாளில் வீட்டு ஆணியில் தொங்கிவிடும்.

இனி பட்டறைக் கத்தி. நம் பக்கத்துக் கொல்லர்கள் பெரும்பாலும் பழைய லாரிப் பட்டையைத்தான் வெட்டி அடிக்கிறார்கள். வில் போல வளைந்து நிமிர வேண்டிய இரும்பு அது. ஏறக்குறைய 0.5 முதல் 0.6 சதவீதம் வரை கரி அதில் கலந்திருக்கும். சிவக்கக் காய்ச்சித் தோய்ச்சல் வைத்தால் கெட்டிப்படும் குணம் அந்தக் கரியால் வருவது. சாதாரணக் கட்டடக் கம்பியை எத்தனை முறை காய்ச்சித் தண்ணீரில் முக்கினாலும் அந்தக் கெட்டி வராது. ஆகவே பட்டறையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இது எந்த இரும்புங்க?" என்பதுதான்.

இரண்டாவது, தோய்ச்சல் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது. ஒரு சின்ன அரத்தை எடுத்து வாயின் ஓரத்தில் லேசாக இழுங்கள். அரம் வழுக்கிப் போனால் நல்லது. இரும்பைக் கடித்துத் தூள் கொட்டினால் தோய்ச்சல் போதவில்லை. வாய் மட்டும் கெட்டியாக இருந்து முதுகு கொஞ்சம் இளக்கமாக இருக்கும்படி அடித்த கத்தி உடையாது. முழுக் கத்தியையும் ஒரே கெட்டியாக வைத்தால் கீழே விழும்போது முனை போய்விடும். இதெல்லாம் உங்கள் ஊர்க் கொல்லருக்குத் தெரியும். நாம் கேட்கிறோம் என்று தெரிந்தால் அவரும் இன்னும் கொஞ்சம் கவனமாக அடிப்பார்.

மூன்றாவது, பிடி. அலகின் வால் மரப்பிடிக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்று பாருங்கள். ஒரு அங்குலம் மட்டும் போய் அரக்கில் நிற்கிற கத்தி ஒரு மழைக்காலம் தாங்காது. பிடியின் கடைசி வரை வால் ஓடி, இரண்டு ஆணி அறைந்திருந்தால் அதை உங்கள் பையனும் பயன்படுத்தலாம்.

இந்த இரும்பின் பெரிய வசதி, தீட்டுவது. சாதாரணக் கல்லில் ஐந்து நிமிடம் போதும். அகலம் 2 செ.மீ. உள்ள கத்திக்கு, முதுகு கல்லை விட்டு 7 மி.மீ. உயர்ந்து நிற்கும்படி சாய்த்துப் பிடித்தால் ஏறக்குறைய 20 டிகிரி கோணம் கிடைக்கும். இரண்டு பக்கமும் அதே சாய்வில் தீட்டினால் போதும். தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்தால், தண்ணீர் தொட்டுத் தொட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். மோட்டார் சக்கரத்தில் அழுத்திப் பிடித்து வாய் ஓரம் நீலம் பாய்ந்துவிட்டால், கொல்லர் வைத்த தோய்ச்சல் அந்த இடத்தில் போய்விட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு கத்தி காலையில் கூர், மதியம் மழுங்கல்.

எவர்சில்வருக்கு வருவோம். 10.5 சதவீதத்துக்குக் குறையாமல் குரோமியம் சேர்ந்த இரும்புதான் அது. குரோமியம் மேலே ஒரு மெல்லிய படலமாக நின்று துருவைத் தடுக்கிறது. நம் மக்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பாத்திரக் கடையில் காந்தம் வைத்துப் பார்த்து, ஒட்டாவிட்டால் அசல் என்பார்கள். பாத்திரத்துக்கு அது ஓரளவு சரி. கத்திக்கு அது தலைகீழ். கத்திக்குத் தேவையானது தோய்ச்சல் ஏறும் எவர்சில்வர். அதில் காந்தம் ஒட்டும். காந்தம் ஒட்டாத எவர்சில்வரில் செய்த கத்தி கரண்டிக்குச் சமம், வாய் நிற்காது. கடைக்காரர் உங்களைப் பார்த்துச் சிரித்தாலும் பரவாயில்லை, காந்தத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

மலிவான எவர்சில்வர் கத்தி பட்டறைக் கத்தி அளவுக்குக் கூர் நிற்பதில்லை. தீட்டவும் நேரம் பிடிக்கும். மூங்கிலையோ காய்ந்த வேலங்குச்சியையோ சீவ அதை எடுத்தால் மெல்லிய அலகு வளையும். வாழைச் சாறு பட்டு இரும்புக் கத்தி ஒரே நாளில் கறுத்துப்போவது போல இது கறுக்காது. எலுமிச்சைப் புளிப்புக்கும் எளிதில் அசையாது. இதுவரை பார்த்தால் கூரில் அப்பா ஜெயித்தார், துருவில் பையன் ஜெயித்தார். சண்டை சமன்.

அவர் கேட்காத கேள்வி இனிமேல்தான் வருகிறது. அந்தக் கத்தி ஒரு செடியை வெட்டிவிட்டு அடுத்த செடிக்குப் போகும்போது எதைக் கூடவே எடுத்துப் போகிறது?

நான் கரும்புப் பகுதியில் வேலை பார்த்தபோது நடந்ததைச் சொல்கிறேன். ஒரு விவசாயியின் கட்டைக் கரும்பு ஆள் உயரம்கூட வரவில்லை. தண்ணீர் உண்டு, உரம் உண்டு, பூச்சி இல்லை. "ஏனுங்க சார், மண்ணு போயிருச்சுங்களா?" என்று கேட்டார். முற்றிய கரும்பின் கணுவை நீளவாக்கில் மெல்லியதாகச் சீவிப் பார்த்தோம். உள்ளே குண்டூசித் தலை அளவில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள். அந்தப் புள்ளியை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது என்பதால் ஆய்வகத்துக்கு அனுப்பினோம். மறுதாம்பு குட்டை நோய் என்று வந்தது. வெளியே வேறு அடையாளம் எதுவும் காட்டாத பாக்டீரியா நோய் அது. 1944–45ல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில்தான் முதலில் கவனித்தார்கள். அது பரவும் முக்கிய வழிகள் இரண்டு: நோய் உள்ள கரணை, நோய்ச் சாறு பட்ட கத்தி.

விசாரித்ததில், இரண்டு வயல்களில் இருந்து கரணை எடுத்திருந்தார்கள். ஒரு வயல் நோய் வயல். வெட்டிய ஆட்கள் அதே கத்திகளோடு மதியம் நல்ல வயலுக்குப் போயிருக்கிறார்கள். நல்ல வயல் கரணையும் கெட்டது. நட்ட கரும்பு, அதற்குப் பின் வந்த கட்டைக் கரும்பு என்று அந்தக் குடும்பத்துக்கு இரண்டு வெள்ளாமை அடிபட்டது. மகளின் கல்யாணத்தை அந்தக் கட்டைக் கரும்பை நம்பித்தான் வைத்திருந்தார். நாள் தள்ளிப்போனது.

கரணை வெட்டுவது பெரிய கத்தி, நீங்கள் கேட்பது சின்னக் கத்தி என்று நினைக்க வேண்டாம். எலுமிச்சையில் சொறி நோய் பிடித்த குச்சியைச் சீவிய கத்தியோடு அடுத்த மரத்துக்குப் போனாலும், தேமல் விழுந்த தக்காளியில் பக்கக் கிளையைக் கிள்ளிவிட்டு அடுத்த செடிக்குப் போனாலும் இதே கதைதான். சொறி நோய் மழைச் சாரலிலும் பரவும், அதை நம்மால் தடுக்க முடியாது, கத்தியைத் தடுக்கலாம். உகாண்டாவில் 2001ல் வாழையில் ஒரு பாக்டீரியா வாடல் பரவியபோது, வாழைப்பூவைக் கத்தியால் வெட்டாமல் கவைக் கம்பை மாட்டித் திருகி ஒடிக்கும்படி விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கத்தியே தொடாவிட்டால் கத்தி வழியாக நோய் ஏது? நீங்களும் வாழைப்பூவை அப்படியே ஒடிக்கலாம், செலவில்லை.

கத்தி தொட்டே ஆக வேண்டிய வேலைக்குக் கிருமி நீக்கம் வேண்டும். இரண்டு கத்திகளும் பிரிவது இந்த இடத்தில்தான். கடையில் கிடைக்கும் பிளீச்சிங் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து, கத்தியை ஒரு நிமிடம் முக்கி வைப்பது நல்ல முறை. அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்க வேண்டும். கழிப்பறை கழுவும் ஆசிட்டோடு சேர்த்துவிடக் கூடாது, விஷவாயு வரும். இந்தக் கரைசலில் பட்டறைக் கத்தியை நாள் முழுக்க முக்கி முக்கி எடுத்துப் பாருங்கள். சாயங்காலத்துக்குள் துரு எட்டிப் பார்க்கும். பத்து நாளில் வாய் அரித்துப் பல் பல்லாகிவிடும். எவர்சில்வர் நன்றாகவே தாங்கும். ஆனாலும் இரவு முழுக்க ஊறப்போட்டால் அதிலும் புள்ளி விழும். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து வைக்க வேண்டும்.

மருந்துக் கடையில் விற்கும் ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்துத் துடைப்பது இன்னொரு வழி. இது இரும்பை அரிக்காது. பாக்டீரியாவுக்குப் போதும். தக்காளி, மிளகாயில் வரும் தேமல் வைரஸ் வகை சிலவற்றுக்கு ஸ்பிரிட் போதாது. அதற்கு டிரை சோடியம் பாஸ்பேட் லிட்டருக்கு 100 கிராம் கலந்து, கையுறை போட்டுக்கொண்டு பயன்படுத்துங்கள். கொழுப்பு நீக்கிய பால் பவுடரை 100 மி.லி. தண்ணீருக்கு 20 கிராம் கரைத்துக் கையையும் கத்தியையும் நனைத்துக்கொண்டு வேலை செய்வதும் உண்டு; கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் வேலை செய்யும். எந்தக் கரைசலாக இருந்தாலும் முதலில் கத்தியில் ஒட்டிய சாற்றையும் மண்ணையும் துணியால் வழித்துவிட வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றும் மருந்து அழுக்கோடு போகும். சிலர் கத்தியைத் தீயில் காட்டுகிறார்கள். பட்டறைக் கத்திக்கு அது வேண்டாம், தோய்ச்சல் இறங்கிவிடும்.

ஆகவே கடிதம் எழுதிய நண்பருக்கு என் பதில்: உங்கள் எலுமிச்சைக்கும் தக்காளிக்கும் பையன் காட்டிய எவர்சில்வர்தான். ஒன்றுக்கு இரண்டாக வாங்குங்கள். ஒன்று வாளியில் ஊறும்போது மற்றது மரத்தில் வேலை செய்யும். ஒரே கத்தியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு நிமிடம் காத்திருக்கச் சொன்னால் யாரும் செய்ய மாட்டார்கள். கூலிக்கு வந்தவர் செய்யவே மாட்டார். மரப்பிடி வேண்டாம், அது வெடித்து வெடிப்பில் சாறு தங்கும். இடைவெளி இல்லாமல் வார்த்த பிளாஸ்டிக் பிடியாகப் பாருங்கள். கயிறு, சாக்கு, சொட்டுநீர்க் குழாய், மூங்கில் முட்டு என்று செடிக்கு வெளியே உள்ள வேலைக்கெல்லாம் உங்கள் பட்டறைக் கத்தியை யாரும் அடிக்க முடியாது. சாயங்காலம் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வைத்தால் உங்களுக்குப் பிறகும் இருக்கும். தென்னையும் நெல்லும் மட்டும் வைத்திருக்கும் ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், பட்டறைக்கே போங்கள் என்று சொல்லியிருப்பேன்.

உறையையும் மறக்க வேண்டாம். கிருமி நீக்கிய கத்தியை அழுக்கு உறையில் செருகினால் செய்த வேலை வீண். தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மிஞ்சிய பி.வி.சி. குழாய்த் துண்டைச் சூடு காட்டி, இளகியதும் பலகையால் அழுத்தினால் அருமையான உறை. அடியில் ஒரு துளை போட்டால் தண்ணீர் நிற்காது. கத்தியோடு அதையும் வாளியில் முக்கலாம்.

கை வெட்டினால் துருக் கத்தியா, துரு இல்லாத கத்தியா என்று பார்க்காதீர்கள். ரண ஜன்னி வருவது துருவால் என்று நினைக்கிறோம். அந்தக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது. பளபளக்கும் எவர்சில்வர் கத்தியும் அதைக் காயத்துக்குள் கொண்டுபோகும். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், தடுப்பூசி தேவையா என்று கேட்டுவிடுங்கள்.

எலுமிச்சையில் சொறிக் குச்சி வெட்டுவதைப் பனி காய்ந்த பிறகு, மழை இல்லாத நாளில் வைத்துக்கொள்ளுங்கள். வெட்டியதை அங்கேயே போடாமல் எரித்துவிட்டு, காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 3 கிராம் வீதம் தெளியுங்கள். இன்னொன்று, தோட்டத்து எவர்சில்வர் கத்தி வீட்டுக்குள் போனால் காய் நறுக்கப் போய்விடும். மருந்து வாளியில் ஊறிய கத்தி அது. பிடியில் சிவப்பு டேப் சுற்றி, மோட்டார் அறையிலேயே மாட்டி வையுங்கள். வீட்டில் இருப்பவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.